மயோர்காவில் ஏழு நாள் சைக்கிள்: கடலோரமா, உள்நாடா?

ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்காத் தீவுக்குச் சைக்கிளோட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களை மனத்தில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். ஒன்று, கொண்டை ஊசி வளைவுகளாக மலையிலிருந்து கடலுக்குச் சரிந்து இறங்கும் சா கலோப்ராச் சாலை. மற்றொன்று, போர்மெந்தோர் முனையின் செங்குத்துப் பாறைகளும் அவற்றின் மேல் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கமும். நானும் அப்படித்தான் போனேன். ஏப்ரலில் ஏழு நாள், வாடகைக்கு எடுத்த ரோடு பைக்கில் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்), முதல் நான்கு நாள் வடகடற்கரையில் உள்ள பொயென்சாத் துறையிலும் கடைசி மூன்று நாள் தீவின் நடுவில் உள்ள சினேவ் என்ற ஊரிலும் தங்கி ஓட்டினேன். பார்த்தே ஆகவேண்டிய சாலைகள் என்று பெயர்பெற்ற அந்த இரண்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடியும் போனால் எதற்காகப் போவாய் என்று கேட்டால், யாரும் படம் எடுத்துப் போடாத உள்நாட்டுச் சந்துச் சாலைகளுக்காக என்றே சொல்வேன்.

தீவின் பரப்பு ஏறக்குறைய 3,640 சதுர கிலோமீட்டர். வடமேற்கு ஓரம் முழுவதும் ட்ரமுந்தானா மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. அதன் உச்சியான புய்க் மஜோர் 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. நடுவில் எஸ் ப்லா எனப்படும் சமவெளி, கிழக்கே தாழ்ந்த குன்றுகள், சுற்றிலும் கடல். எந்த ஊரில் தங்கினாலும் ஒரே நாளில் மலையையும் வயலையும் கடலையும் தொட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் ரோடு பைக் ஓட்டுபவர்களை இந்தத் தீவு இழுப்பதற்குக் காரணம். மிதமான குளிர்காலம் என்பதால் தொழில்முறைப் பந்தயக் குழுக்கள் பயிற்சிக்கு இங்கே வருகின்றன. 2010 முதல் ‘மயோர்கா 312’ என்ற பெயரில், 312 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டும் பெருநிகழ்வும் நடக்கிறது. இவற்றின் விளைவாகச் சைக்கிளோட்டிக்கு வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் இங்கே பழகிப்போனவையாக இருக்கின்றன. காப்பிக் கடைக்குள், பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணியோடு டக்டக் என்று நடந்து போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வாடகைச் சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன. கார்பன் சட்டமும் டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டி, நல்ல பராமரிப்பில் இருந்தது, டயர்கள் புதியவை, ஒரு டியூப், கைப்பம்ப், சிறு கருவிப்பை ஆகியவற்றைக் கேட்காமலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு குறைகள். முன்பதிவின்போது, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் மிகப் பெரியது 32 பல் உடையதாக வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். சரி என்று பதிலும் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால் 28 பல்தான் இருந்தது. மாற்றித் தருவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். நான்கு பல்லுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். பின்னால் பல் கூடக்கூட ஏற்றத்தில் மிதிப்பது இலகுவாகும். 7 சதவீத ஏற்றத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தவருக்குத்தான் அந்த நான்கு பல்லின் அருமை தெரியும். மூன்றாம் நாள் காலையில் மாற்றிக் கொடுத்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனாலும் ஏழு நாள் பயணத்தில் இரண்டு நாள் மலைப்பக்கமே போக முடியாமல் கழிந்தது கழிந்ததுதான்.

இரண்டாவது குறை கடையுடையது என்பதைவிட என்னுடையது. வலக்கையில் முன் பிரேக்கும் இடக்கையில் பின் பிரேக்கும் இருந்து பழகியவன் நான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது நேர்மாறு: இடக்கை முன்சக்கரத்தைப் பிடிக்கும். கடையில் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முதல் நாள் ஒரு சிறு இறக்கத்தில், வளைவுக்கு முன்னால், பின்சக்கரத்தை லேசாகக் கட்டுப்படுத்துவதாக எண்ணி இடப்பக்கப் பிடியை அழுத்த, முன்சக்கரம் சட்டென்று இறுகி, உட்கார்ந்திருந்த நான் ஒரு கணம் ஹேண்டிலுக்கு மேலே எழும்பிவிட்டேன். விழவில்லை. அன்று மாலை முழுவதும் விடுதி வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டி ஓட்டி, கைகளுக்குப் புதுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். சாலையில் வலப்பக்கமாகப் போகவேண்டும் என்பது அரை நாளில் பழகிவிடுகிறது. பிரேக் பழகுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. வண்டியை வாங்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது.

சாலை விதிகள் சைக்கிளோட்டிக்குச் சாதகமானவை. முந்திச் செல்லும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது ஸ்பெயினின் சட்டம். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டவும் அனுமதி உண்டு. ஒரு குழுவின் முதல் சைக்கிள் வட்டச் சந்திப்புக்குள் நுழைந்துவிட்டால் குழு முழுவதும் ஒரே வாகனமாகக் கருதப்படும். ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது குற்றம். சட்டம் இருப்பது ஒன்று, ஓட்டுநர்கள் மதிப்பது வேறு என்று நமக்குத் தெரியும். இங்கே மதிக்கிறார்கள். முன்னால் வளைவு தெரியாத இடத்தில் ஒரு பால் வண்டி என் பின்னாலேயே, ஹாரன் அடிக்காமல், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் பொறுமையாக ஊர்ந்து வந்தது. எனக்குத்தான் கூச்சமாகி, ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டேன்.

சா கலோப்ராவுக்கு நான்காம் நாள் போனேன். பொயென்சாத் துறையிலிருந்து போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். முதலில் ஃபெமெனியாக் கணவாய் வரை மரநிழலில் மிதமான ஏற்றம். பிறகு யுக் மடத்தை ஒட்டிய மேட்டுநிலம். அங்கே தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்வது அவசியம். கற்பாலத்தைத் தாண்டிப் பிரிகிற சாலையில் சிறிது ஏறினால், 682 மீட்டர் உயரத்தில் ரெய்ஸ் கணவாய். அங்கிருந்து ஒன்பதரை கிலோமீட்டரில் கடல்மட்டத்துக்கு இறங்கவேண்டும், சராசரிச் சரிவு 7 சதவீதம். வேறு வழி கிடையாது என்பதால் இறங்கிய அதே சாலையில் திரும்ப ஏறவேண்டும். மற்ற மலைகளில் முதலில் உழைத்துப் பிறகு கூலியாக இறக்கத்தைப் பெறுகிறோம். இங்கே முதலில் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, பிறகு வட்டியோடு அடைக்கிறோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவும் இனிப்பதற்கும், ஒவ்வொரு வளைவிலும் ‘இதையும் ஏறவேண்டுமே’ என்ற எண்ணம் எட்டிப்பார்ப்பதற்கும் அதுவே காரணம்.

இந்தச் சாலையை வகுத்தவர் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர். 1932-இல் கட்டி முடிக்கப்பட்டது. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுவதற்குப் பதிலாக, மலையின் மடிப்புகளைப் பின்பற்றியே சாலையை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 26 என்று எண்ணுகிறார்கள். உச்சிக்கு அருகே சாலை 270 பாகை சுழன்று தன்னையே அடியில் கடந்து செல்லும் இடத்துக்குக் ‘கழுத்துப்பட்டை முடிச்சு’ என்று பெயர். கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை தோன்றியதாக ஒரு கதையும் உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்த முடிச்சுக்குள் ஓட்டும்போது பரியெத்தியின் கணக்கு உடம்புக்குப் புரிகிறது: வளைவு எங்கும் ஒரே சீராக இருப்பதால், உள்ளே நுழையும்போது வண்டியைச் சாய்த்த கோணத்தை வெளியே வரும்வரை மாற்றவேண்டியதில்லை. சாலையின் தளமும் கண்ணாடி போல இருக்கிறது.

ஏற்றத்துக்கு எனக்கு 68 நிமிடம் ஆயிற்று. சரிவு பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருப்பதால் மூச்சைச் சீராக வைத்துக்கொண்டு ஏறமுடிகிறது. கொல்லும் செங்குத்து என்று எதுவும் இல்லை. சிரமம் வேறு திசையிலிருந்து வருகிறது. அடிவாரத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டர் மேலே இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே சாலை நுழையும் இடத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்து போனால் சைக்கிளுக்கு இடமே இல்லை. பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வரத் தொடங்கிவிடுகின்றன. நான் கடற்கரையை அடைந்தபோது பத்தரை, கிளம்பியபோது பதினொன்று. ஏறிய ஒன்பதரை கிலோமீட்டரில் பதினான்கு பேருந்துகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்போது, காலை ஊன்றி இறங்கி, மீண்டும் ஏற்றத்திலேயே பெடலில் காலைப் பூட்டிக் கிளம்பவேண்டியிருந்தது. சாலைக்கு முழு மதிப்பெண். நான் தேர்ந்தெடுத்த நேரத்துக்குப் பூஜ்யம். எட்டரை மணிக்குள் கணவாயின் உச்சியில் நிற்கமுடிந்தால் போகலாம்; முடியாதென்றால் அன்றைக்கு வேறு பக்கம் போவதே மேல்.

போர்மெந்தோரும் பரியெத்தியின் கைவண்ணமே. துறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 20 கிலோமீட்டர். நீளம் குறைவு என்று நம்பி ஏமாறக்கூடாது: போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம் என்று போய்வருவதற்குள் ஏறக்குறைய 900 மீட்டர் ஏறிவிடுகிறோம். நடுவில் பைன் மரக்காடு வழியாகச் செல்லும் சமதளமான பகுதி மிக இனிமையானது. அதைத் தாண்டி வெளிச்சமில்லாத ஒரு சுரங்கப்பாதை வருகிறது. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் அதற்குள் நுழையக்கூடாது. 1863-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் கடலிலிருந்து 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது. கோடை மாதங்களில் பகல்வேளையில் தனியார் கார்களை இந்தச் சாலையில் விடுவதில்லை. ஆனால் அப்போது வெயில் கொளுத்தும். ஏப்ரலில் வெயில் இல்லை, தடையும் இல்லை. நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பியதால் போகும்போது ஆடுகள் மட்டுமே எதிர்ப்பட்டன. சாலை நடுவில் நின்ற கிடா ஒன்று, நான் மணியடித்தும் நகராமல், ஓரமாக ஒதுங்கவேண்டியது நீதான் என்பதுபோல என்னைப் பார்த்தது. திரும்பும்போது வாடகைக் கார்கள் வரிசையாக வந்தன. ஓட்டுபவர்களின் கண்கள் சாலையில் இல்லை, கடலில் இருந்தன. கடலோரச் சாலைகளில் எனக்கு ஏற்பட்ட மனக்குறை முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

மேற்குக் கடலோரத்தில் சோயெர் முதல் அந்த்ராச் வரை செல்லும் எம்ஏ-10 சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் நான் அதன் ஒரு பகுதியை மட்டுமே ஓட்டினேன். டெயா, பன்யல்புஃபார், எஸ்தெயெங்ஸ் என மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். கடலை நோக்கி இறங்கும் கல்படிக்கட்டு வயல்கள். மலைத்தொடர் முழுவதும் 2011-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் படிக்கட்டு வயல்களும் நீர்வாய்க்கால்களுமே காரணம். இங்கே திசை முக்கியம். வலப்பக்கம் ஓட்டும் நாடாகையால், சோயெரிலிருந்து அந்த்ராச் நோக்கிப் போனால் கடல் நம் பக்கத்தில் இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் பாறைச்சுவரைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். சோயெருக்குத் தெற்கே, சுரங்கச் சாலை வந்தபிறகு கார்கள் கைவிட்டுவிட்ட பழைய கணவாய்ச் சாலை ஒன்று இருக்கிறது. சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஆகவே கணவாய் முழுவதும் ஏறக்குறைய சைக்கிள்களுக்கே எழுதிவைத்ததுபோல ஆகிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள், இரண்டு பக்கமும் ஆலிவ் மரங்கள். சா கலோப்ராவின் அழகில் பாதி, அதன் நெரிசலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஐந்தாம் நாள் சினேவுக்கு இடம் மாறியபோது, மலை முடிந்துவிட்டது, இனி சும்மா கால்களைத் தளர்த்திக்கொள்ளும் நாட்கள் என்றுதான் நினைத்தேன். எஸ் ப்லாவின் சந்துச் சாலைகளை வரைபடத்தில் பார்த்தால் நூல்கண்டு சிக்கியதுபோல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கார் மட்டும் போகக்கூடிய அகலம். இரண்டு பக்கமும் சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவர். சுவருக்கு அப்பால் வாதுமைத் தோப்பு, கோதுமை வயல், செம்மண் உழவு. ஏப்ரலில் கோதுமை பச்சையாக நிற்க, அதன் ஊடே சிவப்புப் பாப்பிப் பூக்கள் சிந்திக் கிடந்தன. நம் சமையலறைக் கசகசாவின் ஒன்றுவிட்ட உறவுதான் அது. சந்திப்புதோறும் சைக்கிளோட்டிகளுக்கென்று ஊர்ப்பெயரும் தொலைவும் எழுதிய சிறு கைகாட்டிகள் இருக்கின்றன. சினேவ், மரியா, அரியானி, பெத்ரா, வீலஃப்ராங்கா என்று ஐந்து முதல் பத்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வந்துவிடுவதால், கைபேசியை வெளியே எடுக்காமலேயே அரைநாள் ஓட்டினேன். வழி தவறியது இரண்டு முறை. இரண்டு முறையும் நல்ல சாலைக்கே போய்ச் சேர்ந்தேன்.

தரை தட்டையானது என்று சொல்வது தவறு. ஊர்கள் எல்லாம் சிறு மேடுகளின் மேல் இருக்கின்றன. தொலைவில் முதலில் தெரிவது கோயில் கோபுரம், பிறகு ஓட்டுக்கூரைகள், பிறகு ஒரு கிலோமீட்டர் ஏற்றம். ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, வாங்கி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. பெத்ராவின் சதுக்கத்தில் மதியவேளையில் சுவரே தெரியாத அளவுக்குச் சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவில் கிறித்தவ மடங்களை நிறுவிய யூனிபெரோ செர்ரா 1713-இல் பிறந்த ஊர் அது. ஆனால் அங்கே கூடியிருந்தவர்களின் பேச்சு டயர் அழுத்தத்தையும் காற்றையும் பற்றியே இருந்தது. சினேவில் புதன்கிழமை சந்தை கூடுகிறது. அன்று ஊருக்குள் சைக்கிளில் நுழைய முயல்வது வீண். வெளியிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

நடுவில் தங்கியதால் ஒன்று கற்றுக்கொண்டேன். வரும்முன் தெரிந்திருந்தால் ஏழு நாளும் சினேவிலேயே தங்கியிருப்பேன். இளவேனிலும் கோடையும் வந்துவிட்டால் தீவில் பகற்பொழுது எம்பாத் என்ற கடற்காற்று எழுகிறது. நடுச் சமவெளி வெயிலில் சூடாகி, அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த கடற்காற்று தென்மேற்கே பால்மா வளைகுடாவிலிருந்தும் வடகிழக்கே அல்குதியா வளைகுடாவிலிருந்தும் உள்நோக்கி வீசுகிறது. ஆகவே மதியத்துக்கு மேல் உள்நாட்டிலிருந்து இந்த இரண்டு வளைகுடாக்களில் எதை நோக்கித் திரும்பினாலும் எதிர்க்காற்றுதான். முதல் நான்கு நாட்களும் என் வழக்கம் கடற்கரையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் கடற்கரைக்குத் திரும்புவது. களைத்த கால்களோடு, கடைசி 20 கிலோமீட்டர் தலையைக் குனிந்து காற்றை முட்டிக்கொண்டு வந்தேன். வயதாகிவிட்டது, பயிற்சி போதவில்லை என்றெல்லாம் என்னையே நொந்துகொண்டேன். இரண்டாம் நாள் அல்குதியாவுக்கு அருகே அல்புஃபேரா நாணற்சதுப்பின் ஓரமாக வந்தபோது, நாணல்கள் எல்லாம் என்னை நோக்கி வளைந்து கிடந்தன. கண்முன்னே பதில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சினேவிலிருந்து இது அப்படியே தலைகீழ். காலையில் காற்று எழுவதற்குமுன் கடற்கரைக்குப் போய்விடலாம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே கால் நனைத்து, ஏதாவது சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் திரும்பினால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆறாம் நாள் அல்குதியா வளைகுடாவிலிருந்து சாந்தா மார்கலீதா வழியாக அப்படித்தான் திரும்பினேன். வயல் நடுவே, மிதிப்பதே தெரியாமல், மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம். காற்றின் வேகமும் என் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் காதில் இரைச்சலே இல்லை. செயின் பல்லில் உருளும் மெல்லிய ஓசையும், சுவருக்கு அப்பால் செம்மறிகளின் கழுத்து மணியும் மட்டும் கேட்டன. அப்படிப்பட்ட நாற்பது நிமிடம் அந்த ஏழு நாளில் வேறு எங்கும் கிடைக்கவில்லை, சா கலோப்ராவின் இறக்கம் உட்பட.

கடைசி நாள் தெற்கே ஃபெலனிச் அருகே சான் சல்வதோர் குன்றுக்குப் போனேன். ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், 500 மீட்டர் உயரத்தில் பழைய மடம். உச்சியிலிருந்து தீவின் தெற்கும் கிழக்கும் கடல்வரை தெரிகின்றன. முதல்முறை மலை ஏறுகிறவர்கள் சா கலோப்ராவுக்குமுன் இங்கே தங்கள் கால்களைச் சோதித்துப் பார்க்கலாம். தென்கடற்கரைச் சாலைகளைப் பற்றி எழுத எதுவும் இல்லை. நேராக, அகலமாக, நிழலின்றி இருக்கின்றன.

உள்நாட்டுக்கும் குறைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சிற்றூர்களில் கடைகள் மூடிக்கிடக்கும். ஒரு புட்டித் தண்ணீருக்காக மூன்று ஊர் தேடினேன். சந்துச் சாலைகளில் சில இடங்களில் தார் பெயர்ந்து சரளை கிடக்கிறது. 25 மில்லிமீட்டர் டயரைவிட 28 அல்லது அதற்கும் அகலமானதைக் கேட்டு வாங்குவது நல்லது. மழை பெய்தால் செம்மண் சாலைக்கு வந்து பிரேக்கில் அப்பிக்கொள்கிறது. சைக்கிள் வாடகைக் கடைகள் பெரும்பாலும் கடற்கரை ஊர்களிலேயே இருப்பதால், நடுவில் தங்குவோர் வண்டியை விடுதிக்கே கொண்டுவந்து கொடுக்கும் கடையாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும். சினேவ், பால்மாவிலிருந்து மனக்கோர் செல்லும் ரயில் பாதையில் இருப்பதால் விமான நிலையத்திலிருந்து வந்து சேர்வதில் சிரமமில்லை.

அடுத்த முறைக்கான திட்டம் இப்போதே என் குறிப்பேட்டில் இருக்கிறது: பிப்ரவரியில் வாதுமை பூக்கும் வாரம், சினேவில் அறை, 32 பல் கேசட், வலக்கையில் முன் பிரேக்.